கடலோர உணவு ஆலையில் எந்தச் சரக்கைத் தேக்கலாம், எதைத் தேக்கக் கூடாது

கேள்வி இதுதான்: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கத்தில் நெத்திலிக் கருவாடு, மீன் ஊறுகாய், முண்டு மிளகாய்ப் பொடி மூன்றையும் பாக்கெட் போட்டு விற்கும் சிறிய ஆலை. விற்பனை வருடா வருடம் ஏறுகிறது, ஆனால் கையில் காசு நிற்பதில்லை. ‘லீன்’ உற்பத்தி முறையில் சரக்கே தேக்கக் கூடாது என்கிறார்களே, கடலை நம்பி நடக்கும் தொழிலுக்கு அது ஒத்துவருமா, செலவைக் குறைக்க முதலில் எங்கே கை வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒத்துவரும். ஆனால் உங்களுக்கு அதைச் சொன்னவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். நம் கடற்கரையில் இருப்பு இரண்டு வகை. கடலும் வெயிலும் கட்டாயப்படுத்தி வைக்கச் சொல்லும் இருப்பு ஒன்று. நம் வேலையின் ஒழுங்கின்மையால் தானாகச் சேர்ந்துவிடும் இருப்பு இன்னொன்று. முதலாவதைக் கணக்குப் போட்டு வைக்க வேண்டும். இரண்டாவதை ஈவு இரக்கம் பார்க்காமல் ஒழிக்க வேண்டும். நான் பார்த்த சிறு ஆலைகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. வரத்து நன்றாக இருக்கும்போது மீன் வாங்கப் பணம் இருக்காது, ஏனென்றால் அந்தப் பணம் அச்சடித்த கவராகவும் விற்காத பாக்கெட்டாகவும் குடோனில் கிடக்கும்.

லீன் என்று பிற்பாடு பெயர் வாங்கிய இந்த முறையை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டொயோட்டா கார் ஆலையில் தைச்சி ஓனோ என்ற பொறியாளர் பல வருடம் உழைத்து உருவாக்கினார். வீண் என்று அவர் ஏழு விஷயங்களைச் சொன்னார்: தேவைக்கு மேல் செய்வது, காத்துக் கிடப்பது, பொருளை அங்கும் இங்கும் சுமப்பது, தேவையில்லாத பக்குவம் பார்ப்பது, தேங்கும் சரக்கு, ஆட்களின் வீண் நடை, பழுதான பொருள். இவற்றில் தேவைக்கு மேல் செய்வதுதான் மிக மோசம் என்பது அவர் முடிவு, ஏனென்றால் அதன் பின்னாலேயே மற்றவையும் வந்து சேரும். அவருடைய ஆலையில் ஓர் அட்டையை அனுப்பினால் அடுத்த பெட்டி உதிரிபாகம் வந்துவிடும். கடலுக்கு அப்படி அட்டை அனுப்ப முடியாதே என்று நீங்கள் நினைப்பது சரிதான். டொயோட்டாவுக்கே இது தெரியும். 2011 நிலநடுக்கத்தில் அடிபட்ட பிறகு, வந்து சேர வெகுகாலம் பிடிக்கும் மின்னணுச் சிப்புகளை மட்டும் 2 முதல் 6 மாதத் தேவைக்குக் கையிருப்பில் வைக்கும்படி தன் சப்ளையர்களிடம் கேட்டுக்கொண்டது. 2021 தொடக்கத்தில் மற்ற கார் கம்பெனிகள் சிப் இல்லாமல் ஆலைகளை நிறுத்தியபோது அந்த இருப்புதான் அதைக் காப்பாற்றியது. லீன் முறையைக் கண்டுபிடித்தவர்களே தேக்க வேண்டியதைத் தேக்குகிறார்கள்.

இப்போது நம் நாட்காட்டியைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கருவாடு காய வருடத்திலேயே நல்ல வெயில் அடிக்கும் நாட்களும் அவைதான். நாட்டுப்படகும் கரைவலையும் ஓடும் என்றாலும் வரத்துக் குறைவு, ஏலத்தில் விலை ஏறிவிடும். தடை முடிந்ததும் எல்லாப் படகும் ஒன்றாக இறங்க, விலை சரியும். ஆனால் அது கச்சான் காற்றுக் காலம். தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணை) பக்கம்தான் தொழில் நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் வடகடல் கொந்தளிக்கும், மழையில் காயப்போடவும் முடியாது. சாதாரண வாரத்திலும் பாக் நீரிணைப் பக்கத்து விசைப்படகுகள் 3 நாள்தான் கடலுக்குப் போகின்றன. இடையில் புயல் எச்சரிக்கை வரும். மீனவர்கள் கைதானால் வேலைநிறுத்தம் வரும்.

விற்பனைப் பக்கமும் இப்படித்தான். புரட்டாசியில் பாதி வீடுகளில் கவுச்சி கிடையாது. கார்த்திகை பிறந்தால் மாலை போடுகிறவர்கள் வீட்டில் தை வரை கருவாடு ஏறாது. இரண்டுக்கும் நடுவில் ஐப்பசியில் மழையால் பச்சை மீன் கிடைக்காமல் கருவாட்டுக்கு ஆள் வரும். இந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு வருடமும் வருகிறது. ஆனாலும் ஆவணி மாதம் முழுக்க மும்முரமாகப் பாக்கெட் போட்டுவிட்டுப் புரட்டாசியில் கடைக்காரர் எடுக்கவில்லை என்று வருத்தப்படுகிற ஆலைகள் உண்டு.

ஆக, தேக்கித்தான் ஆக வேண்டும். கேள்வி எந்த வடிவில் தேக்குவது என்பது. என் பதில்: கெடாத நிலைக்கு வந்த உடனே, அதற்கு மேல் ஒரு வேலையும் செய்யாமல் நிறுத்திவிடுங்கள். முண்டு மிளகாய் மாசி, பங்குனி வாக்கில் பரமக்குடி, ஆர்.எஸ்.மங்கலம், முதுகுளத்தூர் பக்கங்களிலிருந்து வரும். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயருக்கே ஒரு மதிப்பு இருக்கிறது. அதை முழு வற்றலாக, நன்றாகக் காய்ந்த நிலையில் மூட்டையில் வையுங்கள். அரைத்துவிட்டால் நிறமும் மணமும் நாளுக்கு நாள் இறங்கும். வாரத்துக்கு எவ்வளவு விற்கிறதோ அவ்வளவை மட்டும் அரைத்தால் போதும். நெத்திலியும் அப்படித்தான். காயவைத்து, சலித்து, பெரிது சிறிது பிரித்து, காற்றுப் புகாத பெரிய பைகளில் மொத்தமாக வையுங்கள். 100 கிராமா, 200 கிராமா, அரைக்கிலோவா என்பதை ஆர்டர் வந்த பிறகு முடிவு செய்யுங்கள். மொத்தப் பையில் இருக்கும் கருவாடு எந்தக் கடைக்கும், எந்த அளவுக்கும் போகலாம். பாக்கெட் போட்டுத் தேதி அடித்துவிட்டால் அந்த வசதி போய்விடும், காலாவதி நாளும் ஓடத் தொடங்கிவிடும்.

எவ்வளவு தேக்குவது? இங்கே உணர்ச்சிக்கு இடமில்லை, வட்டிக் கணக்குதான். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: விலை மலிவாக இருக்கும்போது கிலோ 400 ரூபாய் வீதம் 1,250 கிலோ நெத்திலிக் கருவாடு, ஆக 5 லட்சம் ரூபாய், நாலு மாதத்துக்கு. வங்கிக் கடனுக்கு வருடம் 12% வட்டி என்றால் மாதம் 5,000, நாலு மாதத்துக்கு 20,000. கிலோவுக்கு 16 ரூபாய். எடைக் குறைவும் உடைசலும் 3% போனால் இன்னும் 12 ரூபாய். ஆக 28 ரூபாய், அதன்மேல் குடோன் வாடகை. நாலு மாதம் கழித்து விலை 80, 100 ரூபாய் ஏறும் என்று உங்கள் பழைய பில்கள் சொன்னால் தயங்காமல் வாங்குங்கள். அதே 5 லட்சத்தை மாதம் நூற்றுக்கு மூணு வட்டிக்கு வெளியில் வாங்கினால் வட்டி மட்டும் 60,000, அதாவது கிலோவுக்கு 48 ரூபாய், எல்லாம் சேர்த்து 60. அப்போது அதே சரக்கு அரைகுறை லாபமாகிவிடும். சீசன் தொடங்குவதற்கு முன்பே வங்கியில் நடைமுறை மூலதனக் கடனுக்கு அலையுங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதற்காகத்தான். படகுக்காரருக்கு முன்பணம் கொடுத்து மீனைப் பிடித்து வைப்பதும் ஒரு கடன்தான். அதற்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது தேறுதல், அதாவது வாங்கிய பச்சை மீனில் எவ்வளவு கருவாடாகக் கைக்கு வருகிறது என்பது. இந்தத் தொழிலில் செலவுக் கணக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பச்சை நெத்திலியில் நூற்றுக்கு 78 பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் மாறும். 100 கிலோவில் 22 கிலோதான் கெட்டியான பொருள். ஈரம் 25%-க்குக் கீழே போனால் பாக்டீரியா பெருகாது, 15%-க்குக் கீழே போனால் பூஞ்சையும் பிடிக்காது. உப்புப் போடாத நெத்திலியை 15% ஈரத்தில் எடுத்தால் 25.9 கிலோ தேறும். வெயிலில் மறந்து 10% வரை காயவிட்டால் 24.4 கிலோதான். பச்சை மீன் கிலோ 100 ரூபாய் என்றால், ஒரு கிலோ கருவாட்டின் மீன் விலை முதல் கணக்கில் 386 ரூபாய், இரண்டாவதில் 409. ஆளும் மீனும் வேலையும் ஒன்றேதான், கிலோவுக்கு 23 ரூபாய் காற்றில் போகிறது. போதாததற்கு, அதிகம் காய்ந்த நெத்திலி பாக்கெட்டில் நொறுங்கித் தூளாகும். மறுபக்கம் 20% ஈரத்தில் அவசரப்பட்டு எடுத்தால் எடை நிற்கும், இரண்டு மாதத்தில் பூஞ்சை பிடித்துச் சரக்கு திரும்பி வரும்.

இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு தட்டில் மட்டும் சரியாக 10 கிலோ பச்சை மீனைப் பரப்பி அடையாளம் வையுங்கள். அந்தத் தட்டில் உள்ள மீன் 2.6 கிலோவுக்கு இறங்கியதும் அந்த நாள் சரக்கை எடுக்கத் தொடங்கலாம். வாரம் ஒருமுறை கொஞ்சம் மாதிரி எடுத்து ஈரத்தைச் சோதித்து, உங்கள் மீனுக்கு 2.6 சரியா, 2.5-ஆ என்று திருத்திக்கொள்ளுங்கள். மீனைக் கையில் எடுத்து முறித்துப் பார்த்தே சொல்லும் அக்காமார் உங்களிடம் இருப்பார்கள். அவர்கள் கணிப்பையும் தராசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துப்போகும். அவர்கள் வராத நாளில்தான் தராசு கைகொடுக்கும்.

மணலில் பாய் விரித்துக் காயவைப்பதை இன்னும் விடாதவர்கள் உயரத்தில் கட்டிய வலைத் தட்டுக்கு மாறிவிடுங்கள். அடியிலும் காற்று போவதால் சீக்கிரம் காயும், மண் ஒட்டாது, கழுவிச் சலிக்கும் கூலி மிச்சம். மழைக்காலத்துக்குச் சூரிய உலர்த்தி தேவையென்றால், வெயில் இல்லாதபோது மாற்று வெப்பத்தில் ஓடும் வடிவங்களைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. ஆனால் உலர்த்தி வாங்குவதற்கு முன் ஐப்பசி, கார்த்திகையில் உங்களுக்கு மீன் கிடைக்குமா என்று பாருங்கள். மீனே வராத மாதத்துக்காக இயந்திரத்துக்குத் தவணை கட்டுவது பெரிய பாரம்.

தேறுதல் ஆலை வாசலுக்கு முன்பே குறையத் தொடங்குகிறது. ஐஸ் இல்லாமல் கரையில் சில மணி நேரம் கிடந்தாலே நெத்திலியின் வயிறு வெடித்துவிடும். வெடித்த மீன் காய்ந்தால் உடைசல் கணக்கில்தான் சேரும். ஐஸுக்கு ஆகும் செலவைக் குறைத்ததாக யாராவது பெருமையாகச் சொன்னால் அவருடைய உடைசல் மூட்டையை எடை போட்டுப் பாருங்கள். ஊறுகாய்க்குச் சூரை வாங்கினால் இது இன்னும் கண்டிப்பு. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும், பிறகு எவ்வளவு பொரித்தாலும் வினிகரில் ஊறவைத்தாலும் அது போகாது. சாப்பிடுகிறவர் உடம்பில் தடிப்பும் தலைவலியும் வரும். விலை பேசும்போது கலப்பு மீனையும் கவனியுங்கள். ஏலத்தில் மலிவாகக் கிடைத்த கூடையில் நூற்றுக்கு 5 பங்கு வேறு பொடி மீனும் குப்பையும் இருந்தால், மேலே சொன்ன 386 ரூபாய் 407 ஆகிவிடும். அதிகம் காயவிட்ட நட்டத்துக்கு ஏறக்குறைய சமம்.

ஈரம் திரும்ப ஏறுவதையும் மறக்க வேண்டாம். சுற்றுக் காற்றின் ஈரப்பதம் 75%-க்கு மேல் போனால் உப்பு அதிலிருந்து தண்ணீரை இழுக்கத் தொடங்கும். நம் கரையில் இரவுக் காற்று பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டித்தான் இருக்கும். உப்புப் போட்ட சாளையும் கட்டாவும் ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்தால், பகலெல்லாம் காயவைத்ததில் ஒரு பங்கு வீண். சாயங்காலம் சூடு ஆறியதும் மூடிவிட வேண்டும்.

பாக்கெட் எடைக்கு வருவோம். 200 கிராம் என்று போட்டுவிட்டு, குறைந்துவிடுமோ என்ற பயத்தில் 206 கிராம் போடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. குறையக் கூடாதுதான், சட்டமும் அதையே சொல்கிறது. ஆனால் 6 கிராம் என்பது 3%. மாதம் 1,000 கிலோ விற்றால் 30 கிலோ இலவசம், 400 ரூபாய்க் கணக்கில் 12,000 ரூபாய். ஒரு நல்ல தராசு வாங்கி, ஃபேன் காற்று அடிக்காத இடத்தில் வைத்து, காலையில் எடைக்கல் போட்டுச் சரிபார்த்தாலே இதில் பெரும்பகுதி நின்றுவிடும்.

இப்போது நாமே உண்டாக்கும் இருப்பு. முதல் குற்றவாளி அச்சடித்த கவர். 3 பொருள், ஒவ்வொன்றிலும் 4 அளவு என்றால் 12 வகைக் கவர். அச்சகத்தில் குறைந்தபட்சம் வகைக்கு 10,000 எடுக்கச் சொல்லி, ஒன்று 4 ரூபாய் என்றால் 4,80,000 ரூபாய் கவரில் முடங்குகிறது. மேலே நெத்திலிக்குத் தேவைப்பட்ட 5 லட்சத்தை நினைத்துப் பாருங்கள். அந்தப் பணம் அரை கிலோ ஊறுகாய்க் கவராக எலி கடிக்கக் காத்துக்கொண்டிருக்கிறது. முகவரியோ லேபிள் விதியோ மாறினால் மொத்தமும் குப்பை. இரண்டு அளவில் அச்சில்லாத நல்ல தடிமன் கவர் வாங்கி, ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஸ்டிக்கரால் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் கூடலாம். அதனால் அதிகம் ஓடும் 200 கிராம் நெத்திலிக்கு மட்டும் அச்சுக் கவர் வைத்துக்கொள்வது நியாயம். மற்றவற்றுக்குத் தேவையில்லை.

இரண்டாவது, விற்காத பாக்கெட். 1961-இல் ஜான் லிட்டில் என்பவர் நிரூபித்த ஓர் எளிய விதி இருக்கிறது. இருப்பை ஒரு நாள் விற்பனையால் வகுத்தால் சரக்கு எத்தனை நாள் உங்களிடம் கிடக்கிறது என்பது சராசரியாகத் தெரிந்துவிடும். பாக்கெட்டாக 1,200 கிலோ இருக்கிறது, நாளுக்கு 40 கிலோ போகிறது என்றால் 30 நாள். இதைப் 10 நாளாக்கினால் 400 கிலோ போதும். கிலோ அடக்கம் 450 ரூபாய் என்றால் 3,60,000 ரூபாய் வெளியே வரும். வழி இதுதான்: ஒவ்வொரு வகைக்கும் ஓர் அலமாரிக் கட்டம், அதில் ஒரு சிவப்புக் கோடு. இருப்பு கோட்டுக்குக் கீழே இறங்கினால் மட்டும் அந்த வகையைப் பாக்கெட் போடுங்கள். யாரும் சும்மா இருக்கக் கூடாது என்பதற்காகப் பாக்கெட் போடச் சொல்லாதீர்கள். மதுரை மொத்த வியாபாரி ஒரே தடவையில் பெரிய ஆர்டர் போட்டால், அது கடைகளில் உண்மையாக ஓடியதா, அவர் குடோனை நிரப்புகிறாரா என்று கேட்டுவிடுங்கள். அவர் நிரப்பினால் அடுத்த மாதம் ஆர்டரே இருக்காது. மாதம் ஒரு பெரிய லோடைவிட வாரம் ஒரு சிறிய லோடு எடுக்க அவரைச் சம்மதிக்க வைத்தால் இரண்டு பேருக்கும் நல்லது. வண்டிச் செலவு கூடுமே என்பீர்கள். ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குப் போகும் வேறு சிறு ஆலைகளுடன் வண்டியைப் பங்கு போடுங்கள்.

கூரியரில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். நெத்திலி எடை குறைவு, இடம் அடைக்கும். பெரும்பாலான கூரியர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எடைக்கோ உண்மையான எடைக்கோ, எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள். மூன்று பக்கமும் 30 செ.மீ. உள்ள பெட்டிக்கு 5.4 கிலோ. உள்ளே 3 கிலோதான் இருந்தால் 2.4 கிலோ வெறும் காற்றுக்குக் காசு கொடுக்கிறீர்கள். பெட்டி அளவை மாற்றினாலே போதும்.

கூலியைக் குறைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் லீன் என்ற பெயரில் பலர் முதலில் கை வைப்பது அங்கேதான், அதனால் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். காலையில் 6 மணிக்கு வரச் சொன்ன பெண்கள் மீன் வரும் 10 மணி வரை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு மீன் குவிந்ததும் அவசரத்தில் பிரிப்பு சரியாக இல்லை, உப்பு சமமாகச் சேரவில்லை. அந்த நாலு மணி நேரத்துக்கு நீங்களும் இழக்கிறீர்கள், அவர்களும் இழக்கிறார்கள். படகு கரை திரும்புவதற்கு முன் ஏலக்காரருக்கு ஒரு போன் போட்டு வரத்து எவ்வளவு என்று கேட்டு, அதற்கேற்ப ஆட்களை இரண்டு நேரமாக வரச் சொல்லுங்கள். மீன் வராத நாளில் மிளகாய் காம்பு கிள்ளுவது, மொத்தப் பை கருவாட்டைச் சலிப்பது போன்ற வேலையை வைத்துக்கொள்ளுங்கள். தேறுதல் உயர்ந்து மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தட்டில் கிடக்கும் மீனை நேரத்தில் திருப்பிப் போடுவதும், நனையாமல் மூடுவதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

முதல் மாதம் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள்: எத்தனை கிலோ பச்சை மீன் வந்தது, எவ்வளவு கருவாடு தேறியது, அதில் எவ்வளவு உடைசல், அன்று மாலை பாக்கெட்டாக எவ்வளவு இருப்பு. அப்புறம் குடோனில் உள்ள கவர்களை வகைவாரியாக எண்ணி விலை போடுங்கள். கடைப் பாக்கியையும் தனியாக எழுதுங்கள், 45 நாளைக்கு மேல் நிற்கும் பாக்கியும் உங்கள் சரக்குதான், வேறு ஒருவர் அலமாரியில் இருக்கிறது. இரண்டாம் மாதம் அடையாளம் வைத்த உலர்த்தும் தட்டும் தராசும். மூன்றாம் மாதம் சிவப்புக் கோடு. ஐப்பசியில் தொடங்கினால் தைக்குள் எவ்வளவு பணம் விடுபட்டது என்று தெரிந்துவிடும், மாசியில் மிளகாய் வரத்துத் தொடங்கும்போது எத்தனை மூட்டை வாங்குவது, தடைக்காலத்துக்கு முன் எவ்வளவு நெத்திலி காயவைத்து வைப்பது என்ற கணக்கோடு வங்கி மேலாளர் முன்னால் உட்காரலாம்.